எட்டாவது தொப்பி

அத்தியாயம் 14

காணாமல் போன தொப்பி கிடைத்ததா, கிடைத்ததா என்று போன வாரம் முழுக்கக் கேட்டுத் துளைத்துவிட்டீர்கள். கிடைக்கவில்லை. கிடைப்பதற்கு அது எங்கேயும் போகவும் இல்லை. மாஸ்டரின் அலமாரியில், சாக்குக்கட்டி டப்பாவுக்குப் பின்னால், பழைய துண்டு ஒன்றில் சுற்றி, பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

மாஸ்டர் என்றால் பெரிய மருமகள். கீழ்த்தளம் தொப்பிப் பட்டறை, மாடி குடித்தனம் என்று இருக்கும் அந்த வீட்டில் பதினேழு வருடமாகத் துணி வெட்டுவது அவள்தான். மாமியார் தைப்பார். கணவர் தைத்ததை மரத்தலையில் மாட்டி ஆவியில் வடிவம் பிடிப்பார். வெட்டு தப்பினால் மற்ற இருவர் பாடும் வீண் என்பதால் தாலி கட்டியவர்கூட அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்ன மருமகள் வந்து சேரும்வரை அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பட்டம் இருந்ததில்லை.

சின்னவள் ஓவியம் படித்தவள். கண்ணில் பட்டதையெல்லாம் தொப்பியாக்கத் தெரிந்தவள். அப்படி எட்டுத் தொப்பி செய்திருக்கிறாள். இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்காரம்மா பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் எட்டும் அவருடைய பெரிய கடையின் முன்கண்ணாடிக்குள் ஒரு பருவம் முழுக்க நிற்கும். ஒவ்வொரு தொப்பியின் உள்பட்டியிலும் செய்தவர் பெயர் நூலில் தைத்திருக்கும். எந்தப் பெயர்? சின்னவள் பெயர். மாமியார் சொல்லி முடித்துவிட்டார்.

பதினேழு வருடத்தில் மாஸ்டர் எத்தனை ஆயிரம் தொப்பி வெட்டியிருப்பாள்! ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? வெட்டுகிறவர் பெயரை எந்த ஊரில் போட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதையேதான் அவளும் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். புத்தி கேட்டுக்கொண்டது. வயிறு கேட்கவில்லை, எரிந்தது.

*

காலை எட்டு மணிக்கே முன்னறையில் சின்னவளின் ராஜ்யம் ஆரம்பித்துவிட்டது. ஏழு மரத்தலைகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தொப்பி மாட்டி, பக்கத்தில் ஒரு சின்ன அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தொப்பி எதைப் பார்த்து வந்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. எழுதியது மாஸ்டரின் மகள். பதினாறு வயது, முத்து முத்தான கையெழுத்து.

"அக்கா, கேளுங்களேன், சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்று சின்னவள் ஒன்றை எடுத்துப் படித்தாள். "ஒன்று. அருங்காட்சியகத்தில் பார்த்த மண் ஜாடி. கறுப்பும் செம்மண் நிறமும் மாறி மாறி வரும் அதன் கழுத்து வளையங்கள்."

"ம்."

"இரண்டு. பழைய துறைமுக ஓவியம் ஒன்றின் மூலையில், யாரும் கவனிக்காத கயிற்றுச் சுருள்."

"யாரும் கவனிக்கல, நீ கவனிச்சிட்டே."

"ஆமாக்கா!" என்று அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். குத்தல் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்திருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஒரு நாடக அரங்கின் கூரைச் சித்திரம். நாலாவது தோல்பாவையின் நிழல். ஐந்தாவது வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஆறாவது ஒரு கம்பளத்தின் பின்பக்கம். முன்பக்கம் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். ஏழாவது நகத்தளவு குட்டி ஓவியத்தில் ஒரு குதிரைக்காரன் கட்டியிருந்த தலைப்பாகையின் மடிப்பு.

ஜாடியைப் பார்த்தாளாம், தொப்பி வந்ததாம். நானும்தான் தினம் தண்ணீர்ப் பானையைப் பார்க்கிறேன், எனக்குத் தாகம்தான் வருகிறது என்று மாஸ்டர் மனதுக்குள் நொடித்துக்கொண்டாள். ஆனால் தொப்பிகள் அழகாகத்தான் இருந்தன. கயிற்றுச் சுருள் தொப்பியின் தையல் உச்சியிலிருந்து ஆரம்பித்து நிற்காமல் சுற்றிச் சுற்றி நெற்றிக்கு வந்து இறங்கியது. அதற்கான வளைவை வெட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது தனக்குத் தோன்றியிருக்காது என்று. அழகில்லை என்று சொல்ல முடிந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மகள் கையில் ஓர் அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமுடியைச் சித்தி மாதிரியே உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள்.

"அது எட்டாவதா? காட்டு."

"நீ பாக்கக் கூடாதும்மா. சித்தி சொல்லிட்டாங்க."

"என்ன பெரிய ராணுவ ரகசியமா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோ" என்று சொல்லி, மகள் சித்தியைப் பார்த்துச் சிரித்தாள். சித்தியும் சிரித்தாள்.

பெற்ற பெண்ணும் அந்தக் கட்சியா! மாஸ்டர் வெட்டும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

எட்டாவது தொப்பியின் கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வெல்வெட் துணியைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். பூனை முதுகு மாதிரி. ஒரு பக்கமாகத் தடவினால் பளபளக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் கறுத்துப்போகும். அதன் மயிர் ஒரே திசையில் சாய்ந்திருப்பதுதான் காரணம். ஒரு தொப்பிக்கு ஆறு முக்கோணத் துண்டு. ஆறையும் ஒரே திசை பார்க்க வைத்து வெட்ட வேண்டும். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக நெருக்கி அடுக்கினால் துணி மிச்சமாகும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நினைப்பார்கள். மாஸ்டர் அவர்கள் புறங்கையில் ஸ்கேலால் ஒன்று வைப்பாள். அதோடு சரி, ஆயுசுக்கும் மறக்காது.

மூன்று மாதத்துக்கு முன்னால் மாஸ்டரே ஆசைப்பட்டுச் சொந்தமாக மூன்று தொப்பி செய்தாள். மாமியாரின் தையல் மெஷின் மேல் கொண்டுபோய் வைத்தாள். மாமியார் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சின்னவள் வரைந்து கொடுத்த படத்தை அந்த மூன்றின் மேலேயே விரித்துப்போட்டு, "இதப் பாரேன் பெரியவளே, என்னமா போட்டிருக்கா!" என்றார்.

மாஸ்டர் பார்த்தாள். நல்லா இருக்கு அத்தை என்றாள். திரும்பி வந்து மேஜையில் கிடந்த கருநீல வெல்வெட்டை வெட்டினாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு எதுவும் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். பதினேழு வருட மாஸ்டர் மூன்று துண்டை நேராகவும் மூன்றைத் தலைகீழாகவும் வெட்டித் தள்ளிவிட்டாள். தொப்பி தைத்து வந்தபோது ஒரு துண்டு வெளிச்சம், ஒரு துண்டு இருட்டு என்று ஆறும் மாறி மாறி நின்றன.

"தூக்கிக் குப்பையில போடுங்க" என்றாள்.

"ஐயோ அக்கா, தொடாதீங்க!" என்று சின்னவள் பாய்ந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். ஜன்னலில் வைத்து மெதுவாகச் சுற்றினாள். வெளிச்சத் துண்டுகள் கறுக்க, கறுத்த துண்டுகள் பளபளக்க, ஒரு பகல் பொழுது தொப்பியைச் சுற்றி வந்தது. அதற்குப் 'பகல்' என்று பெயர் வைத்து, எட்டாவதாகச் சேர்த்து, கடைக்காரம்மாவுக்குப் படம் அனுப்பினாள். அந்தம்மா மற்ற ஏழு தொப்பிகளைப் பற்றி ஒரு வரியும் 'பகல்' பற்றி ஒரு பக்கமும் எழுதினார்.

அழுதது ஒருத்தி, பெயர் இன்னொருத்திக்கா? போன வாரம் அந்தத் தொப்பி மரத்தலையிலிருந்து காணாமல் போனது.

*

"இன்னொண்ணு வெட்டிடலாம்க்கா, துணி இருக்கு" என்று நேற்றே சொல்லியிருந்தாள் சின்னவள். "அன்னைக்கு வெட்டின மாதிரியே. மூணு மேலே, மூணு கீழே."

இப்போது துணி மாஸ்டரின் முன்னால் விரிந்து கிடந்தது. அட்டை அச்சை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். முதல் துண்டு நேராக. இரண்டாவது துண்டுக்கு அச்சைத் தலைகீழாகத் திருப்பினாள். கை அங்கேயே நின்றது.

திருப்பிய அச்சை மறுபடி நேராக்கினாள்.

மூன்றாவதும் நேர். நாலாவதும் நேர். ஆறும் நேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி ஒழுங்கு. கத்தரி ஓடி முடிந்த பிறகு நிமிர்ந்து பார்த்தாள். இதைவிடச் சரியாக யாரும் வெட்ட முடியாது. ஏன் இப்படி வெட்டினே என்று யார் கேட்டாலும், வெல்வெட்டுக்கு அதுதானே முறை என்று சொல்லிவிடலாம். கெடுதல் செய்ததாக ஒருத்தர் சொல்ல முடியுமா?

அவளே தைத்தாள். "அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றதும் மாமியாருக்கு ஆச்சரியம். பட்டறையின் குழல்விளக்கு உச்சியிலிருந்து அடிக்கும். அதன் கீழே எந்த வெல்வெட்டும் ஒன்று போலத்தான் தெரியும். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கணவரைத் தவிர. அவருக்குக் கண் தேவையில்லை. ஆவியில் வைத்து உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவியதுமே கை நின்றுவிட்டது.

"மாஸ்டர், இது ஒரே வாட்டத்துல இருக்கே?"

"வெல்வெட்டை வேற எப்படி வெட்டுவாங்க?"

"இல்ல, அன்னைக்கு..."

"அன்னைக்குத் தப்பா வெட்டினேன். இன்னைக்குச் சரியா வெட்டியிருக்கேன். போதுமா?"

அவர் தொப்பியை இறக்கி வைத்தார். "தொப்பிப் பட்டறைக்காரனுக்கே குல்லா போடுறியா நீ" என்றார், சிரிக்காமல்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும், நான் ஆவி பிடிக்கிற ஆளு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

தொப்பி ஆறியதும் மாஸ்டர் அதை மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சின்னவள் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"திறந்து பாத்துக்கோ."

"நீங்க வெட்டினதை நான் பாக்கணுமாக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் ஓடியே போய்விட்டாள்.

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. மாஸ்டர் அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கத்தரியைத் துடைத்தாள்.

*

கடைக்காரம்மா சொன்னால் சொன்ன நேரம். நாலு மணிக்கு வந்து, தேநீர் வேண்டாம் என்று சொல்லி, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கோணல் தையலைப் பத்தடி தூரத்தில் பிடிக்கிற கண். மாமியார் பக்கத்தில் நின்றார். மாஸ்டர் வெட்டும் அறைக் கதவை ஒரு விரல்கடை திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையப்போகிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஒவ்வொன்றாக அட்டையை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தொப்பியைத் தொட்டார் கடைக்காரம்மா. ஜாடிக்குத் தலையாட்டினார். கயிற்றுச் சுருளைத் தன் தலையிலேயே வைத்துப் பார்த்தார். கம்பளத்தின் பின்பக்கத்துக்குச் சிரித்தார்.

"இவ்வளவு தூரம் பாத்து வெச்சிருக்கியேம்மா!"

மாமியாரின் முகம் விரிந்தது. அந்த முகம் தன் பக்கம் ஒரு தடவையாவது அப்படி விரிந்ததுண்டா என்று மாஸ்டர் கணக்குப் பார்த்தாள். மகள் ஒரு தடவை பள்ளியில் முதலாவதாக வந்தபோது. அதுவும் மகளுக்கு.

"சரி, என் தொப்பி எங்கே?" என்றார் கடைக்காரம்மா.

சின்னவள் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். கவிழ்த்து வைத்திருந்த எட்டாவது அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"எட்டு. பகல். இதற்கு எந்த ஓவியமும் மாதிரி இல்லை. எங்கள் மாஸ்டர் ஒரு நாள் அழுதுகொண்டே வெட்டிய ஆறு துண்டுகள் இவை. அவர் இதைத் தவறு என்றார். மற்ற ஏழும் நான் எங்கெங்கோ போய்ப் பார்த்தவை. இது எங்கள் வீட்டு மேஜையிலேயே நடந்தது. இந்தத் தொப்பியில் அவர் பெயர் மட்டுமே இருக்கும்."

கதவிடுக்கில் நின்றவள் கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

பார்த்திருக்கிறாள். தான் அழுததைச் சின்னவள் பார்த்திருக்கிறாள். மூன்று மாதமாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். இந்த அட்டையைத்தான் மகள் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அலைந்தாள்.

"இது எனக்குத் தெரியாதே" என்று மாமியார் முணுமுணுத்தது கேட்டது. "பேரு மாத்தினதை நீ சொல்லவே இல்லையே?"

"உங்க முன்னாடி இவங்க படிக்கட்டும்னு இருந்தேன் அத்தை."

திறக்காதே என்று கத்தலாமா? பெட்டி தவறி விழுந்த மாதிரி ஏதாவது செய்யலாமா? மாஸ்டர் யோசித்து முடிப்பதற்குள் தாள் சரசரத்தது. கடைக்காரம்மா தொப்பியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி சுற்றினார்.

"என்னம்மா இது? படத்துல வெளிச்சம் சுத்தி வந்துச்சே. இதுல ஒண்ணுமே நடக்கலையே."

சின்னவள் தொப்பியை வாங்கினாள். விரலால் ஒரு துண்டைத் தடவினாள், அடுத்ததைத் தடவினாள். ஒரு கணம்தான். எல்லாம் புரிந்துவிட்டது என்று விறைத்து நின்ற அவள் பின்கழுத்து சொன்னது. வெட்டும் அறைக் கதவைத் திரும்பிப் பார்ப்பாள் என்று மாஸ்டர் காத்திருந்தாள்.

அவள் திரும்பவில்லை.

"என் தப்புங்க. முதல்ல செஞ்சது காணாமப் போச்சு. இன்னொண்ணு வெட்டச் சொன்னப்ப, துண்டைத் தலைகீழா வைக்கணும்னு நான் அக்காகிட்டச் சொல்ல மறந்துட்டேன். அவங்க முறைப்படி வெட்டிட்டாங்க."

"மறந்துட்டியா? இதுதானேம்மா அந்தத் தொப்பியே!"

"ஆமாங்க."

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒளிச்சுப் பேசுறதில்ல. மத்த ஏழும் நல்லா இருக்கு. ஆனா படிச்சவங்க செய்யறது. இன்னும் நாலு பேருகிட்ட எனக்குக் கிடைக்கும். இது ஒண்ணுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இது இல்லேன்னா எட்டும் வேண்டாம்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாமியார் அந்தக் கைப்பையையே பார்த்தார்.

மூன்று மாதம் மாஸ்டர் கனவு கண்ட காட்சி இதுதான். சின்னவள் தலை குனிந்து நிற்க, மாமியாரின் முகம் சுருங்க, கடைக்காரம்மா படியிறங்க. எல்லாம் கண்ணெதிரே நடந்தது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. பதினேழு வருடமாக இடுப்பில் செருகியிருந்த அலமாரிச் சாவி உறுத்தியது.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அலமாரியைத் திறந்தால் தொப்பி பிழைக்கும், அவள் பிழைக்க மாட்டாள். பதினேழு வருடம் நூல் பிசகாமல் வெட்டியவள் என்ற பெயர் போய், திருடி என்ற பெயர் வரும். பட்டியில் தைக்கப்போகும் பெயரும் அந்தத் திருடியின் பெயர்தானே!

பூட்டு திறக்கும் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

துண்டோடு அவள் முன்னறைக்குள் வந்தபோது கடைக்காரம்மா ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். மாஸ்டர் துண்டைப் பிரித்தாள். ஜன்னல் வெயில் பட்டதும் கருநீலம் பளீரென்று ஒரு துண்டில் பற்றி, அடுத்ததில் அணைந்து, அதற்கடுத்ததில் மறுபடி பற்றியது. கடைக்காரம்மா திரும்பி வந்தார்.

முதலில் வாய் திறந்தது சின்னவள்தான்.

"அக்கா! கிடைச்சிடுச்சா? துணி மூட்டைக்குள்ளதான் விழுந்திருக்கும்னு நான் சொன்னேன்ல!"

அவள் அப்படிச் சொன்னதே இல்லை. கண்ணால் கெஞ்சினாள்: ஆமான்னு சொல்லுங்கக்கா, போதும்.

ஒரே ஒரு தலையசைப்பு. எல்லாம் முடிந்துவிடும். மாஸ்டரின் கழுத்து பாதி அசையவும் அசைந்தது. அப்போதுதான் அந்தப் பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஜாடி இவளுடையது, கயிறு இவளுடையது, மாமியார் இவளுடையவர், என் பெண்ணின் சிரிப்பும் இவளுடையது. இப்போது மன்னிக்கிற பெரிய மனசும் இவளுக்கேவா? அதை வாங்கிக்கொண்டு ஆயுசு முழுக்க இவளுக்குக் கீழே நிற்பதா? அதற்குத் திருடியாகவே நின்றுவிட்டுப் போகலாம்.

"மூட்டையிலயும் விழல, எங்கயும் விழல" என்றாள் மாஸ்டர். "நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அந்த இன்னொண்ணையும் வேணும்னேதான் அப்படி வெட்டினேன். இவ சொல்ல மறக்கல. மூணு மேலே, மூணு கீழேன்னு தெளிவா சொன்னா. எனக்குப் பொறாமை. அவ்வளவுதான்."

மகளின் கை தன் உச்சிக் கொண்டைக்குப் போய், அங்கேயே நின்றது. ஆவி அறை வாசலில் கணவர் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது.

கடைக்காரம்மா இதில் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பகல் அவர் தலையைச் சுற்றி வந்தது.

"எட்டையும் எடுத்துக்கறேன்" என்றார். "பட்டி மட்டும் இன்னும் தைக்கல போலிருக்கே. இதுல எந்தப் பேரைப் போடப்போறீங்க?"

சின்னவள் மாமியாரைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். மாஸ்டர் மட்டும் தரையைப் பார்த்தாள்.

மாமியார் யாரையும் பார்க்கவில்லை. நாற்பது வருடம் ஊசி பிடித்துக் கோணிப்போன வலது கையைப் பெரிய மருமகள் முன்னால் நீட்டினார்.

"அது அப்புறம். முதல்ல அலமாரிச் சாவியை இப்படிக் குடு."